கோமளத்தின் படம் கூடத்தில்தான் இருக்கும்

வரது,

நீயும் வரப்போகிற பெண்ணும் நன்றாயிருக்க வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுதிக்கொள்ளலாம் என்று வைத்தால், அதற்குள் ஏறுகிற கோபத்தில் விட்டுப்போனாலும் போகும். நாளைக்கு நீ, அம்மா ஆசீர்வாதம்கூடப் பண்ணவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளக் கூடாது பார். ஆயிற்றா, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கடிதம் நேற்று வந்தது. டில்லியில் குளிர் விட்டுவிட்டது, லீவு கிடைத்துவிட்டது, ரயில் டிக்கெட்டும் வாங்கியாயிற்று என்றெல்லாம் படித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம்தான் நீ சுற்றி வளைத்து அந்த இடத்துக்கு வந்திருக்கிறாய். லால்குடியில் கல்யாணம் முடிந்து மறுநாள், புதுப்பெண் வீட்டுக்குள் அடி வைக்கிற கிருகப்பிரவேசத்துக்குப் பெண்வீட்டு மனுஷாள் எல்லாரும் ஸ்ரீரங்கத்துக்கு நம் வீட்டுக்கு வருவார்கள், அதற்குள் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்களைக் கழற்றிப் பரணில் போடு, எல்லாவற்றையும் முடியாவிட்டாலும் அத்தை படத்தையாவது கழற்று என்கிறாய். அதோடு விட்டாயா? 'அத்தைக்கும் பாவம், இந்த அலைச்சல் எதற்கு, கும்பகோணத்தில் சித்தி ஆத்தில் நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும்' என்று ஒரு வரி. அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் காபியை அடுப்பிலேயே விட்டுவிட்டேன். அது பொங்கி வழிந்து உன் அப்பா வந்து இறக்கி வைத்தார்.

படத்தைக் கழற்ற மாட்டேன். பதில் இவ்வளவுதான், ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் ஏன் மாட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். உனக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்பதால் இந்தக் கடிதத்தை ஒரு பிரதி எடுத்துப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். பயப்படாதே, உன் பெயரை மாற்றிவிட்டேன். வரது என்று கூப்பிட்டால் ஸ்ரீரங்கத்தில் வீதிக்குப் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நீ எழுதிய மாதிரி ஒரு கடிதம் எழுதாத பிள்ளை இந்த ஊரில் உண்டா என்ன? இதைப் படித்துவிட்டு அவர்களும் கொஞ்சம் நெளியட்டும்.

அந்தப் படங்கள் எப்படி வந்தன என்று நீ ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? அம்மாவுக்குப் பொழுது போகவில்லை, பையனின் கலர்ப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு கிறுக்குகிறாள் என்று நினைத்திருப்பாய். எனக்கா பொழுது போகவில்லை? வீட்டு வேலை முடித்து, மத்தியானம் எல்லாரும் சாய்ந்த பிறகு, அடுக்களை வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்து தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். வாரம் தவறாமல் தபாலில் சேர்க்க வேண்டும். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும், நீ அப்போது அரை டிராயர். என் கதையில் ஒரு பெண் வந்தாள். விசாலம் என்று பேர். தபாலாபீஸில் குமாஸ்தா. நல்ல கறுப்பு, குள்ளம், தடித்த மூக்குக் கண்ணாடி. கல்யாணமாகிப் போன இடத்தில் மாமியார் அந்தக் கண்ணாடியை ஒளித்து வைத்துவிடுகிறாள், வேலைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று. கதையே அந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது.

பத்திரிகை வந்ததும் பிரித்துப் பார்க்கிறேன். விசாலம் பளபளவென்று சிவப்பாக நிற்கிறாள். இடுப்பு ஒரு பிடி. கண் காது வரைக்கும் ஓடுகிறது. தலையைக் குனிந்துகொண்டு கால் கட்டை விரலால் தரையில் கோடு போடுகிறாள். கண்ணாடி இல்லை. போன தொடர்கதையில் வந்த ஜமீன்தார் பெண்ணும் இவளேதான், அதற்கு முந்தியதில் வந்த நர்ஸும் இவளேதான். புடவை மட்டும் மாறியிருந்தது. அந்தப் படக்காரருக்கு என் அத்தியாயத்தை யாரும் படித்துக்கூடக் காட்டுவதில்லை என்று பிறகு தெரிந்தது. 'சின்ன வயசுப் பெண், சோகம்' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்களாம், அவர் வரைந்து தள்ளிவிடுவார். நான் பத்திராதிபருக்குக் காரசாரமாக எழுதினேன். அவர் என்ன பதில் போட்டார் தெரியுமா? அடுத்த வாரத்துப் படத்துக்கும் அச்சு பிளாக் செய்தாகிவிட்டது, அதனால் கதையிலிருந்து கண்ணாடியை எடுத்துவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட கதாநாயகியை வாசகர்கள் விரும்புவதில்லை என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

நான் எடுக்கவில்லை. படத்தில் கண்ணாடி இல்லாமலும் கதையில் கண்ணாடியோடும் விசாலம் தொடர் முடிகிற வரைக்கும் வந்தாள். படிக்கிறவர்கள் எது சரி என்று முடிவு பண்ணிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. அடுத்த கதைக்கு நானே ஒரு படம் வரைந்து, இப்படித்தான் இருப்பாள் என்று கதையோடு சேர்த்து அனுப்புவது என்று தீர்மானித்தேன். அன்றைக்கு எடுத்ததுதான் உன் கலர்ப் பெட்டி.

வரைந்தேன் வரது. கூடத்துத் தரையில் காகிதத்தைப் பரப்பி, கோலம் போட்டுப் பழகிய கைதானே என்று தைரியமாக உட்கார்ந்து வரைந்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். கண் காது வரைக்கும் ஓடுகிறது. தலை குனிந்திருக்கிறது. அதே பெண். படக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டிய என் கையிலிருந்தே அவள்தான் வந்து நிற்கிறாள். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடியும் வரைந்தேன், மறுபடியும் வந்தாள். கறுப்பு அடித்தேன், கறுப்பாக அதே பெண் வந்தாள். கண்ணாடியை மாட்டினேன், கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பயம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கையில் வருகிறவள் இவள் என்றால், இத்தனை வருஷம் நான் எழுத்தில் எழுதியவளும் இவள்தானோ என்று தோன்றிவிட்டது.

தெரேசா டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், தென்னூரில் வீடு, உனக்குக் கிறிஸ்துமஸ் கேக் தருவார்களே, அவர்கள்தான். அவர்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேசப் போனபோது பழக்கம். நான் கிழிக்காமல் மிச்சம் வைத்திருந்த இரண்டு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி, அவர்கள் வீட்டுக்குப் போய் நின்றேன். வீட்டில் சின்னக்கடை வீதிக்கு ஜாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். டீச்சர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். "நீங்க யாரையும் பாத்து வரையல. மனசுக்குள்ள ஒரு காலண்டர் மாட்டியிருக்கு, அதைப் பாத்து வரையறீங்க," என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் வீட்டில் மட்டும் காலண்டர் இல்லையா என்று கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு, மேஜை மேல் இருந்த மாதா சொரூபத்தைக் காட்டி, எங்க மாதாவும் தலையைக் குனிஞ்சுதான் நிக்கிறாங்க, நானும் இருபது வயசு வரைக்கும் வேற மாதிரி ஒரு பொம்பளைய வரைஞ்சதில்ல என்றார்கள். பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் தினம் பார்க்கிற ஒரு பெண்ணின் முகத்தை, ஆளை நேரில் பார்க்காமல், ஞாபகத்திலிருந்து சொல்ல வேண்டும். மூக்கு எப்படி, பல் எப்படி, மச்சம் எங்கே. யாரைச் சொல்லட்டும் என்று யோசித்தேன். வீட்டில் என்னை விட்டால் கோமளம்தான்.

எனக்குத் தெரியவில்லை வரது. உன் அப்பாவுடைய கூடப்பிறந்த தங்கை, நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில் இருக்கிறவள், நீ பிறந்தபோது எனக்குப் பத்தியச் சாதம் வடித்துப் போட்டவள், நான் கதை எழுதுகிற நேரமெல்லாம் உன்னை இடுப்பில் சுமந்தவள். அவள் மூக்கு எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் கை தெரியும். நடக்கிற சப்தம் தெரியும். முகம் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புரிந்தது. அவள் முகத்தைக் காட்டவே இல்லை. பதினாலு வயசில் அகமுடையானை வாரிக் கொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள். நம் சம்பிரதாயத்தில் தலையை மழிப்பதில்லை, அந்த மட்டில் புண்ணியம். ஆனால் பூ இல்லை, பொட்டு இல்லை, வெளியே கிளம்புகிறவர்களுக்கு எதிரே வரக்கூடாது. உன் அப்பா ஆபீஸுக்குச் செருப்பு மாட்டுகிற சப்தம் கேட்டதும் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். வாசல் தாழ்ப்பாள் சப்தம் கேட்ட பிறகுதான் வெளியே வருவாள். கூடத்தைத் தாண்ட வேண்டுமென்றால் முதலில் ஒரு செருமல் செருமுவாள், நாங்கள் தலையைத் திருப்பிக்கொள்ள வசதியாக. யாரும் அவளை அப்படிச் செய் என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. செய்யாதே என்றும் ஒருவரும் சொல்லவில்லை. உன் அப்பா நல்ல மனுஷர்தான், நானும் பெண் விடுதலை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள்தான். அந்தச் செருமல் கேட்டால் எங்கள் கழுத்து தானாகத் திரும்பும்.

மறுநாள் மத்தியானம் அவளை என் எதிரே உட்காரச் சொன்னேன். வெளிச்சத்தில், முகத்தை நேரே காட்டிக்கொண்டு. "என்னத்துக்கு மன்னி, உங்களுக்கு வேற ஆள் கிடைக்கலையா?" என்றாள். கிடைக்கவில்லை என்றேன். அவரைக்காயை ஆய்ந்துகொண்டே இருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தாள். முதலில் அவளால் தலையை நிமிர்த்தவே முடியவில்லை. கழுத்து வலிக்கிறது என்றாள். எனக்கும் முதலில் பார்க்க முடியவில்லை, கூச்சமாக இருந்தது. அப்புறம் உன்னைப் பற்றித்தான் பேச்சு வந்தது. நீ கொள்ளிடக்கரைக்கு நாவற்பழம் பொறுக்கப் போய்விட்டுச் சட்டையெல்லாம் ஊதாவாகக் கறை பண்ணிக்கொண்டு வந்து, கன்றுக்குட்டி நக்கிவிட்டது என்று புளுகினாயே, அதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொள்ளக் கை அவரைக்காயோடு போனது, பாதி வழியில் நின்றுவிட்டது. மேல்வரிசையில் ஒரு பல் குறுக்கே நிற்கிறது, மூக்கின் நுனி லேசாகக் கீழே வளைகிறது, சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுகிறது. அதை வரைந்தேன். பாதி தூக்கிய கை, பச்சை அவரைக்காய், திறந்த வாய், எல்லாம் சேர்த்து. நீ கழற்றச் சொல்வது அந்தப் படத்தை.

அதற்குப் பிறகு என் எழுத்தே மாறிப்போனது. அதுவரை நான் எழுதிய விதவைகள் எல்லாரும் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள். வாசகிகள் கண்ணீர் விட்டுக் கடிதம் போடுவார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். கோமளம் உள்ளே சாத்தமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு இந்தத் தூணும் தெரியாது, அழுகையும் தெரியாது. இனி முகம் வராமல் ஒரு வரி எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முதலில் வரைவேன், பிறகுதான் பேனா. ஒரு கதையில் கிணற்றடியில் ஒருத்தி அழ வேண்டியிருந்தது. வரைந்து பார்த்தால் வாளியைப் பிடித்த கை அழுகிறவளின் கையாக வரவே மாட்டேன் என்றது, கோபக்காரியின் கையாக வந்தது. சரி என்று அழுகையை அடித்துவிட்டு, வாளியைக் கிணற்றுக்குள் விட்டெறிந்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள் என்று எழுதினேன். கூடத்தில் மாட்டியிருக்கிறதெல்லாம் அப்படி வந்தவைதான். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற பெண். மாலையும் கழுத்துமாகக் கொட்டாவி விடுகிற கல்யாணப் பெண். விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொள்கிற ஒருத்தி, அது நான்தான், உனக்கு வெட்கமாக இருக்கிறது என்று தெரியும், இருக்கட்டும்.

கோமளத்தை வைத்து ஒரு நாவல் எழுதினேன். சிரிக்கிற விதவை. பத்திராதிபர், துக்கத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று எழுதினார். போட வேண்டுமானால் இரண்டு இடத்திலாவது அவள் அழ வேண்டும் என்றார். கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். திருச்சியில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு சின்ன அச்சாபீஸில் புஸ்தகமாகப் போட்டேன், அட்டையில் நான் வரைந்த படத்தோடு. விற்றதைவிடத் திட்டு வாங்கியது அதிகம். பரவாயில்லை.

கோமளத்தின் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியபோது உன் அப்பா ஆபீஸிலிருந்து வந்தார். சட்டையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். "கோமளத்துக்கு எங்கம்மாவோட மூக்குடி. நான் கவனிச்சதே இல்லை," என்றார். மறுநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, கோமளம், நான் போயிட்டு வரேன் என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து சப்தமே இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். பஸ் போய்விடும் என்று நான் சொன்னேன், போகட்டும் என்றார். கடைசியில் அவள் வந்தாள், புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றைக்கு பஸ் தவறிவிட்டது, அதனால் குடி முழுகிவிடவில்லை. ரிடையர் ஆகிற வரைக்கும் அப்படித்தான் போனார்.

வீதி சும்மா இருக்குமா? நாலு வீடு தள்ளி இருந்த ஒரு பெரியவர் வந்து, கூடத்தில் இப்படி ஒரு படம் இருந்தால் லக்ஷ்மி உள்ளே வருவாளா என்று உன் அப்பாவிடம் கேட்டார். உன் அப்பா என்னைக் காட்டிவிட்டார். நான் சொன்னேன், நம் கோவில் தாயார் படி தாண்ட மாட்டாள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், அவளேதான் பங்குனி உத்திரத்தன்று, உறையூரில் இன்னொரு நாச்சியாரைப் பார்த்துவிட்டு வருகிற பெருமாள் முகத்தில் கதவைச் சாத்துகிறாள், மட்டையடி வாங்கிக்கொண்டு அவர் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார், அதைப் பார்க்க நீங்களும் நானும் முண்டியடித்துக்கொண்டு போகிறோம். கோபம் வருகிற தாயாரைச் சேவிக்கிற ஊரில், சிரிக்கிற ஒருத்தியைச் சுவரில் மாட்டக் கூடாதா என்று கேட்டேன். வேணுகோபாலன் சன்னதிச் சுவரைப் போய்ப் பாருங்கள், கல்லில் நிற்கிற அத்தனை பெண்களும் தலையை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களைச் சுற்றித்தான் தினம் பிரதக்ஷிணம் பண்ணுகிறோம் என்றும் சொன்னேன். அவர் பிறகு நம் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். காபிப் பொடி மிச்சம்.

நீ மட்டும் என்னவாம்? எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் கிளம்பின அன்றைக்கு நான் தயிர் கொடுத்தேன், அப்பா பேனா கொடுத்தார். நீ வாசற்படியில் நின்றுகொண்டு அத்தை எதிரே வந்தால்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாய். அவள் வாசலுக்கு வெளியே போய், வீதியிலிருந்து உனக்கு எதிரே நடந்து வந்தாள். பார்த்த ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கணக்கில் நீ வாங்கிய மார்க்குக்கு அத்தைதான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அந்தப் பையன் எங்கே போனான்? டில்லி குளிரில் உறைந்துவிட்டானா? வேலை, குவார்ட்டர்ஸ், சம்பந்தி வீட்டு அந்தஸ்து என்று வந்தவுடன் உனக்கும் மனசுக்குள் ஒரு காலண்டர் மாட்டியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று எழுதியிருக்கிறாய். நானும் உன்னோடுதானே லால்குடிக்குப் பெண் பார்க்க வந்தேன். அவர்கள் முன்பே அனுப்பியிருந்த போட்டோவை நான் நன்றாகப் பார்த்திருந்தேன். ஸ்டூடியோக்காரன் அவள் மோவாயில் இருந்த மச்சத்தைச் சுரண்டி எடுத்திருந்தான், நிறத்தை இரண்டு பங்கு வெளுக்கப் பண்ணியிருந்தான், தலையை எந்த அளவுக்குக் குனிய வேண்டுமோ அந்த அளவுக்குக் குனிய வைத்திருந்தான். நேரில் காபியைக் கொண்டு வந்தபோதும் அவள் அப்படித்தான் வந்தாள், சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நீ அவளைப் பார்த்த மாதிரி பார்த்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாய். அவள் என்னிடம் டம்ளரை நீட்டும்போது என் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சாயத்தைப் பார்த்துவிட்டாள். தலையைத் தூக்கி, "இது என்ன கலர் மாமி?" என்று கேட்டாள். அவள் அம்மா பதறிப்போனாள். அது பச்சை என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் மச்சமும் கண்ணும் நேரே தெரிந்தன, நல்ல முகம். படத்தைப் பார்த்து மிரளப்போகிறவள் அவள் இல்லையடா, நீதான். கல்யாணத்துக்குப் பிறகு நீ செய்ய வேண்டிய முதல் வேலை, பர்ஸில் வைத்துக்கொண்டிருக்கிறாயே அந்தப் போட்டோ, அதை எங்கேயாவது வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பது. தினம் பார். பல் தேய்க்கும்போது பார், கோபம் வரும்போது பார், தூங்கும்போது பார். பார்க்காமலே ஒரே வீட்டில் காலம் தள்ளிவிடலாம், அது ரொம்ப சுலபம். நாங்கள் தள்ளியிருக்கிறோம்.

இதெல்லாம் நான் சொல்கிறேன், சரி. உன் அத்தை என்ன சொல்கிறாள் என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

உன் கடிதத்தை அவளுக்குக் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தேன். குழந்தை என்ன எழுதியிருக்கான் என்று கேட்டுவிட்டு அவளே எடுத்துப் படித்துவிட்டாள். மத்தியானம் பார்க்கிறேன், துணிப்பையில் இரண்டு புடவையை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். கும்பகோணம் போகிறாளாம். எனக்கு வந்ததே கோபம். பையைப் பிடுங்கிப் புடவையை வெளியே இழுத்துப் போட்டேன். நீ போகக் கூடாது, அந்தப் படம் இருக்கிற வரைக்கும் நீயும் கூடத்தில்தான் இருக்க வேண்டும், அவன் வந்து என்ன செய்கிறான் பார்க்கிறேன் என்று கத்தினேன். நன்றாகத்தான் பேசினேன் என்று எனக்கே தோன்றியது.

அவள் புடவையைப் பொறுக்கி மறுபடி மடித்தாள். "அவன் போன்னு எழுதறான். நீங்க இருன்னு கத்தறேள். ரெண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை கேட்டேளா, மன்னி?" என்றாள்.

அவளைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன் என்று பத்திரிகைக்கே எழுதுகிறவள் நான். அப்புறம்தான், நீ என்ன சொல்கிறாய், சொல் என்று கேட்டேன். கேட்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னாள். அவள் எங்கேயும் போகப்போவதில்லை. எனக்காகவும் இல்லை, படத்துக்காகவும் இல்லை. நீ முதலில் அடி எடுத்து வைத்து நடந்தது அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான். உன் பெண்டாட்டி இந்த வீட்டில் வலது காலை எடுத்து வைப்பதை அவள் கண்ணால் பார்க்க வேண்டுமாம், அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து இல்லை, வாசலில் நின்று. நான் எப்படியும் சண்டைக்கு நிற்கிற மாதிரி மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டிருப்பேன், அந்தப் பெண் பயந்துபோகும், யாராவது ஒருத்தியாவது சிரித்துக்கொண்டு நிற்க வேண்டாமா என்றும் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்த உன் அப்பா அதற்கு மட்டும் தலையை ஆட்டினார்.

படத்தைப் பற்றி என்ன சொல்கிறாய் என்றும் கேட்டேன், இந்தத் தடவை முன்கூட்டியே. அதில் அவளுக்குப் பிடிவாதம் ஒன்றும் இல்லையாம். நீ வந்து கழற்றுவதானால் கழற்றிக்கொள்ளலாமாம். ஆணி உயரத்தில் இருக்கிறது, நம் வீட்டு ஸ்டூலுக்கு ஒரு கால் ஆட்டம், நீ ஏறினால் விழுந்து வைப்பாய். நீ கழற்றி முடிக்கிற வரைக்கும் தான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொள்வதாக எழுதச் சொன்னாள்.

அம்மா